பன்னிரண்டு கற்களைத் தேடி ஆறு நாள்

முதல் நாள்: நேபோ

இரவெல்லாம் விமானத்தில் உட்கார்ந்தே வந்ததில் இரண்டு காலும் வீங்கிவிட்டன. செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாகத் தெரிகிறது. யோர்தான் நாட்டின் அம்மானிலிருந்து, மோசே வாக்குத்தத்த தேசத்தைப் பார்த்துவிட்டு இறந்த நேபோ மலைக்குப் போகும் வழியில் பேருந்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டேன். பக்கத்து இருக்கையில் டீச்சரம்மா. ஓய்வுபெற்ற ஆசிரியை, எங்கள் சபைக் குழுவிலேயே மூத்தவர். என் காலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஒரே ராத்திரிக்கே இப்படியா தம்பி? நாற்பது வருஷம் நடந்தவங்களுக்கு வீங்கவே இல்லையாமே.”

வேதாகமத்தில் உபாகமம் எட்டாம் அதிகாரம். இஸ்ரவேல் ஜனங்கள் எகிப்தைவிட்டு வந்து வனாந்தரத்தில் நடந்த நாற்பது வருஷம் அது. அந்த நாற்பது வருஷமும் உன் வஸ்திரம் பழையதாய்ப் போகவில்லை, உன் கால் வீங்கவும் இல்லை என்று மோசே சொல்லும் இடம். எத்தனையோ முறை வாசித்துக் கடந்து போயிருக்கிறேன். வீங்கின காலோடு கேட்கும்போதுதான் உறைத்தது. செங்கடல் பிளந்ததை எவனும் எளிதில் மறக்கமாட்டான். வீங்காமல் போன காலை யார் நினைத்துப் பார்ப்பார்கள்? வராமல் போன நோயை, நடக்காமல் போன விபத்தை யார் டைரியில் எழுதி வைக்கிறார்கள்? மோசே அதையும் கணக்கில் சேர்க்கச் சொல்கிறார்.

மலை உச்சி கடல் மட்டத்துக்கு 700 மீட்டருக்கு மேல். எதிரே கிடக்கும் சாக்கடலோ கடல் மட்டத்துக்குச் சுமார் 430 மீட்டர் கீழே. ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்தை விளிம்பில் நின்று எட்டிப் பார்ப்பதுபோல இருக்கிறது. இன்று புழுதி மூட்டம். எரிகோ இருக்கும் பக்கம் ஒரு பச்சைத் திட்டு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. 120 வயதில் கண் மங்காத மோசேக்கு முழு தேசமும் தெரிந்தது. எனக்கு மூக்குக்கண்ணாடி போட்டும் தெரியவில்லை.

உபாகமம் பிரசங்கிக்கப்பட்டது இந்த மோவாப் பக்கத்துச் சமவெளியில்தான். புத்தகம் தொடங்கியதும் ஒரு சின்னக் கணக்கு வரும்: ஓரேப் மலையிலிருந்து கானான் எல்லையில் இருக்கும் காதேஸ்பர்னேயாவுக்கு பதினொரு நாள் பயணம். அடுத்த வசனமே, ‘நாற்பதாம் வருஷம்’ என்று தொடங்குகிறது. நடுவில் ஒரு விளக்கமும் கிடையாது, குத்திக்காட்டலும் கிடையாது. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

உச்சியில் ஆலயத்துக்கு வெளியே பெரிய உலோகச் சிற்பம் ஒன்று நிற்கிறது. சிலுவையில் சர்ப்பம் சுற்றியதுபோல, இத்தாலியச் சிற்பி ஜொவான்னி ஃபந்தோனி செய்தது. எல்லாரும் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டோம், நானும்தான். படம் எடுத்து முடித்த பிறகு பாஸ்டர் மெதுவாக ஒன்று சொன்னார்: பாம்பு கடித்தவர்கள் பார்த்துப் பிழைக்க மோசே செய்த அந்த வெண்கல சர்ப்பத்தை எசேக்கியா ராஜா உடைத்துப் போட்டார், தெரியுமா? 2 இராஜாக்கள் 18:4. ஜனங்கள் அதற்குத் தூபங்காட்டத் தொடங்கியிருந்தார்கள். தேவன் செய்த காரியத்தின் நினைவுச்சின்னம். அதை வைத்துக்கொண்டே தேவனை மறக்க முடிந்திருக்கிறது.

இந்தப் பயணம் முடிவதற்குள் உபாகமத்தை முழுதாக வாசிப்பது என்று வைத்திருக்கிறேன். இன்றிரவு விடுதியில் பதினைந்தாம் அதிகாரம் வரை வந்தேன். அங்கே நின்றுவிட்டேன். கடன் விடுதலையைப் பற்றிய அதிகாரம். ஒரு பெயர் ஞாபகத்துக்கு வந்தது. அது இப்போது வேண்டாம், தூக்கம் வருகிறது.

இரண்டாம் நாள்: மாதபா

புனித ஜார்ஜ் ஆலயத்தின் தரையில் ஆறாம் நூற்றாண்டு வரைபடம். வண்ணக் கற்களைச் சிறுசிறு துண்டுகளாக வெட்டிப் பதித்தது. 1884-ல், பழைய ஆலயம் இருந்த இடத்தில் புதிதாகக் கட்டத் தொடங்கியபோது வெளிப்பட்டது. முழுதாக இருந்த காலத்தில் இருபது லட்சம் துண்டுகளுக்கு மேல் இருந்திருக்கும் என்கிறார்கள். இப்போது இருப்பது ஒரு பகுதி மட்டும்தான்.

எல்லாரும் எருசலேமைத் தேடிப் போனார்கள். எனக்கு யோர்தானில் இருக்கும் மீன்தான் பிடித்தது. ஒரு மீன் சாக்கடல் வரை வந்துவிட்டு, உப்பு வாடை பட்டதோ என்னவோ, திரும்பி எதிர்த்து நீந்துகிறது. கல்லை அடுக்கிக்கொண்டிருந்தவருக்கு நகைச்சுவை இருந்திருக்கிறது.

மீனுக்குக் கொஞ்சம் தள்ளி, எரிகோ பக்கத்தில் ஒரு சின்ன ஆலயமும் வரிசையாகச் சில வெள்ளைக் கற்களும். கிரேக்க எழுத்து. வழிகாட்டி வாசித்துச் சொன்னார்: “கில்கால், பன்னிரண்டு கற்கள்.” மோசேக்குப் பின் தலைவரான யோசுவா, ஜனங்கள் யோர்தானைக் கடந்ததன் நினைவாக நதி நடுவிலிருந்து எடுக்கச் சொன்ன கற்கள்! இந்த வரைபடம் செய்த காலத்தில் அங்கே ஓர் ஆலயம் இருந்திருக்கிறது, கற்களையும் காட்டியிருக்கிறார்கள். அவை உண்மையில் அதே கற்கள்தானா என்பது வேறு விஷயம். ஆனால் யோசுவாவுக்குப் பிறகு ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு மேல் கடந்தும் யாரோ ஒருவர் ‘இந்தக் கற்கள் ஏது?’ என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். யாரோ பதில் சொல்லிக்கொண்டும் இருந்திருக்கிறார்.

யோசுவா 4 அதைத்தான் எதிர்பார்க்கிறது. நாளை பிள்ளைகள் கேட்பார்கள், நீங்கள் சொல்லுங்கள் என்று. உபாகமம் 6-லும் அதே மாதிரி ஒரு பிள்ளை வருகிறான். இந்தக் கட்டளைகளெல்லாம் என்ன என்று கேட்கிறான். நானாக இருந்தால் கட்டளைக்கு விளக்கம் சொல்லத் தொடங்கியிருப்பேன். இல்லை, ‘சொன்னால் செய், கேள்வி கேட்காதே’ என்றிருப்பேன். மோசே சொல்லச் சொல்லும் பதில் இப்படித் தொடங்குகிறது: நாங்கள் எகிப்திலே பார்வோனுக்கு அடிமைகளாயிருந்தோம். பிள்ளை கேட்டது சட்டத்தை, அப்பா சொல்வது கதையை. கதையைக் கேட்டு முடித்த பிறகு சட்டம் தானாகப் புரியும் என்று நினைத்திருக்கிறார்கள் போல.

மூன்றாம் நாள்: யோர்தான்

மூங்கில் மாதிரி உயர்ந்த நாணல்களுக்கு நடுவே நடைபாதை. அல்-மக்தாஸ் என்ற இடம், யோவான் ஸ்நானன் இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாகக் காட்டும் கரை. 2015-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நடைபாதை முடிந்த இடத்தில் மரப்படி. படிக்குக் கீழே யோர்தான்.

“இவ்வளவுதானா?” என்று யாரோ வாய்விட்டே கேட்டுவிட்டார்கள். காவி நிறத் தண்ணீர், நன்றாக நீளம் தாண்டுகிறவன் ஓடிவந்து குதித்தால் அக்கரை சேர்ந்துவிடலாம் என்று தோன்றும் அகலம். மேலே அணைகளும் குழாய்களும் 90 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீரை எடுத்துக்கொள்கின்றன. எதிர்க்கரையில் வெள்ளை அங்கி போட்ட ஒரு கூட்டம் பாடிக்கொண்டே தண்ணீரில் இறங்கியது. அவர்கள் வேறு நாட்டு எல்லைக்குள் நிற்கிறார்கள். கை நீட்டினால் எட்டிவிடும் தூரத்தில் எல்லை.

யோசுவா காலத்தில் இப்படி இல்லை. அறுப்புக்காலம் முழுவதும் யோர்தான் கரைபுரண்டு போகும் என்று வேதம் சொல்கிறது. ஆசாரியர்கள் கட்டளைப் பலகைகள் இருந்த உடன்படிக்கைப் பெட்டியைச் சுமந்துகொண்டு வந்து நின்றபோது தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. படியில் உட்கார்ந்து யோசுவா 3-ஐ வாசித்தோம். அப்போது பாஸ்டர் ஒரு வித்தியாசத்தைக் காட்டினார். செங்கடலில் முதலில் தண்ணீர் பிளந்தது, அப்புறம் ஜனங்கள் இறங்கினார்கள். யோர்தானில் முதலில் கால் நனைந்தது, அப்புறம்தான் தண்ணீர் நின்றது. ஏன் இந்த மாற்றம்? அவர் பதில் சொல்லவில்லை. எங்களையே யோசிக்க விட்டுவிட்டார்.

நான் யோசித்தது இது. செங்கடல் கரையில் நின்றவர்களுக்கு நினைத்துப் பார்க்கத் தண்ணீர் வழிவிட்ட கதை எதுவும் இல்லை. யோர்தான் கரையில் நின்றவர்களுக்குச் செங்கடல் இருந்தது. அதிலும் ஒரு சிக்கல்: அன்று இருபது வயதைத் தாண்டியிருந்தவர்களில் யோசுவா, காலேப் தவிர எல்லாரும் வனாந்தரத்திலேயே முடிந்துவிட்டார்கள். பெட்டியைச் சுமந்த தோள்களில் பல, செங்கடலைச் சிறுவயதில் கண்டவை. சில, அப்பா சொல்லிக் கேட்டவை மட்டும். கேட்ட கதையை நம்பிக் காலைத் தண்ணீரில் வைத்திருக்கிறார்கள்.

இதை எழுதும்போது எனக்கு ஒரு சின்னக் கோபமும் வருகிறது. சபைகளில் அடிக்கடி கேட்கும் ஒரு வாதம் உண்டு: “கர்த்தர் உனக்கு இவ்வளவு செய்திருக்கிறாரே, நீ இதுகூடச் செய்யமாட்டாயா?” வட்டிக்காரர் வாசலில் நின்று பேசுவதுபோல. பட்ட நன்மைக்குத் தவணை கட்டச் சொல்வது. அந்தப் பேச்சைக் கேட்டு நானும் பல காரியங்கள் செய்திருக்கிறேன், இரண்டு வாரம் தாண்டினதில்லை. குற்ற உணர்வுக்கு அவ்வளவுதான் பெட்ரோல்.

ஆனால் வேதத்தில் அந்த வரிசை வேறு. யாத்திராகமத்தில் பத்துக் கட்டளைகள் வருவது இருபதாம் அதிகாரத்தில். ஜனங்கள் எகிப்தைவிட்டு வெளியே வந்து, கடலைத் தாண்டி, வானத்திலிருந்து வந்த மன்னாவைத் தின்று, கன்மலைத் தண்ணீரைக் குடித்த பிறகு. முதல் கட்டளைக்கு முன்னால் ஒரு வரி: உன்னை அடிமைத்தன வீட்டிலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவன் நானே. கீழ்ப்படிந்தால் விடுவிப்பேன் என்று எகிப்தில் யாரும் சொல்லவில்லை. விடுவித்தாயிற்று. இப்போது பேசுகிறவர் யார் என்று தெரியும், அவர் சொல்வதைக் கேட்கலாம் என்பதுதான் வாதம். நன்றிக்கடனைவிட நம்பிக்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது அது. ஓடுகிற தண்ணீரில் காலை வைக்கச் சொல்கிறவர் இதற்கு முன்னால் என்ன செய்தவர் என்று தெரிந்தால் காலை வைக்க முடியும்.

மத்தியானம் மறுபடி உபாகமம் 15. ஏழாம் வருஷம் கடனை விட்டுவிடு, அடிமையை அனுப்பிவிடு, வெறுங்கையாய் அனுப்பாதே. காரணம்? நீயும் எகிப்திலே அடிமையாயிருந்தாய், கர்த்தர் உன்னை மீட்டார், நினைவுகூர். அடுத்த சொல் ‘ஆகையால்’. ஐந்தாம் அதிகாரத்தில் ஓய்வுநாளுக்கும் இதே காரணம், இதே ‘ஆகையால்’. இருபத்திநாலாம் அதிகாரத்தில் வயலில் மறந்த அரிக்கட்டைப் பரதேசிக்கும் விதவைக்கும் விட்டுவிடச் சொல்லும்போதும் இதே. மோசேக்கு இது பேச்சு வழக்காகவே ஆகிவிட்டது.

சரி, அந்தப் பெயர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பெயரைச் சொல்லமாட்டேன்.

பல வருடத்துக்கு முன் நான் தொழிலில் கைநஷ்டப்பட்டு நின்றபோது, சபையில் ஓர் அண்ணன் கடன் கொடுத்தார். திருப்பிக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிடலாமென்று ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. உள்ளே போய் நான் எழுதிக்கொடுத்த தாளைக் கொண்டுவந்து, நான்காக மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். “இது உன்கிட்டயே இருக்கட்டும் தம்பி” என்றார். அவ்வளவுதான். இந்தக் கதையைச் சபையில் கர்த்தர் செய்த நன்மையைச் சொல்லும் சாட்சி நேரத்தில் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. நன்றாகவே சொல்லுவேன். சிலர் கண்ணைத் துடைப்பார்கள்.

என்னிடம் ஒரு தம்பி கடன் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. அவனைக் கண்டால் நான் பேசுவதில்லை. போன முறை நான் அந்தச் சாட்சியைச் சொன்னபோது அவன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

நான்காம் நாள்

எல்லை கடந்தோம். வரிசை, பாஸ்போர்ட், பை, மறுபடி வரிசை. அரை நாள் போயிற்று. யோசுவாவின் ஜனங்கள் எங்களைவிட வேகமாகக் கடந்திருப்பார்கள் என்று டீச்சரம்மா சொன்னதற்கு மட்டும் சிரித்தோம். எழுத வேறொன்றும் இல்லை.

ஐந்தாம் நாள்: எரிகோ, கில்கால்

தெல் எஸ்-சுல்தான் என்ற மேடு, பழைய எரிகோ. தொல்லியலாளர் கேத்லின் கென்யன் 1952 முதல் 1958 வரை இங்கே தோண்டினார். பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தால் பத்தாயிரம் ஆண்டுப் பழமையுள்ள ஒரு கல் கோபுரம் தெரிகிறது. யோசுவாவின் மதில் எது, எப்போது விழுந்தது என்று ஆய்வாளர்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடக்கிறது. வெயிலில் நின்று அதற்குள் இறங்க எனக்குத் தெம்பில்லை.

எனக்குக் கில்கால்தான் வேண்டும். வழிகாட்டியிடம் கேட்டேன். கையை அகலமாக வீசி ஒரு சமவெளியைக் காட்டினார். “இந்தப் பக்கத்தில் எங்கோ.” இடம் இதுதான் என்று உறுதியாக யாராலும் சொல்ல முடியவில்லையாம். மாதபாக்காரர் தரையில் பதித்த அந்த ஆலயமும் இல்லை, கற்களும் இல்லை. பேரீச்சைத் தோப்புகள், மண் சாலை, ஒரு தண்ணீர்த் தொட்டி. காலுக்கடியில் கிடந்த கல்லையெல்லாம் ஒருவிதச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.

கற்களை நாட்டின கையோடு கில்காலில் நடந்தது என்ன தெரியுமா? ஆண்களின் நுனித்தோலை அறுக்கும் விருத்தசேதனம். யோசுவா 5. சேனை முழுவதும், எதிரியின் கோட்டைக்குப் பக்கத்தில், நாட்கணக்கில் எழுந்து நடக்க முடியாதபடி படுத்துக் கிடந்தது. எந்தத் தளபதியும் கனவிலும் செய்யமாட்டான். நேற்றுத்தான் நதியை நிறுத்தினவர் சொல்கிறார் என்பதைத் தவிர வேறு காரணமே இல்லை. அப்புறம் எகிப்திலிருந்து விடுதலையானதை நினைக்கும் பஸ்கா பண்டிகையை ஆசரித்தார்கள். அப்புறம் மன்னா நின்றுபோயிற்று. பன்னிரண்டு கற்களின் ஈரம் காய்வதற்குள் ‘ஆகையால்’ வந்துவிட்டது.

இதே கில்காலில்தான் பல தலைமுறைக்குப் பிறகு சவுல் ராஜா மாட்டிக்கொண்டார். 1 சாமுவேல் 15. அமலேக்கு என்ற எதிரி ஜனத்தை முழுதும் அழிக்கச் சொன்னதில் நல்ல ஆடுமாடுகளைத் தப்பவைத்துவிட்டு, பலியிடத்தான் வைத்திருக்கிறோம் என்றார். பலியைப் பார்க்கிலும் கீழ்ப்படிதல் உத்தமம் என்று சாமுவேல் சொன்னது இந்த மண்ணில் நின்றுதான். அதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வரி வருகிறது, இன்றுதான் கவனித்தேன்: சவுல் வரும் வழியில் கர்மேலில் தனக்கென்று ஒரு ஜெயஸ்தம்பம் நாட்டிவிட்டு வந்தார். அங்கே தன் பெயருக்கு ஒரு கல், பிறகு நேராகப் பன்னிரண்டு கற்கள் இருந்த ஊருக்கு.

இன்னும் கொஞ்ச காலம் கழித்து ஆமோஸ் தீர்க்கதரிசி வந்து, கில்காலுக்குப் போய்த் துரோகத்தைப் பெருகப்பண்ணுங்கள் என்று கிண்டலாகவே சொல்கிறான். ஜனங்கள் கில்காலுக்குப் போவதை நிறுத்தவில்லை. கூட்டம் கூட்டமாகப் போயிருக்கிறார்கள், பலியோடு, காணிக்கையோடு. இன்று நாங்கள் ஒரு பேருந்தில் வந்ததுபோல.

நான் என் சாட்சியை நினைத்துக்கொண்டேன். அந்த அண்ணன் மடித்துக் கொடுத்த தாளை இன்னும் வைத்திருக்கிறேன், வேதாகமத்துக்குள். எசேக்கியா பார்த்தால் உடைக்க ஏதாவது தேடுவார்.

ஆறாம் நாள்: எருசலேம்

யோசுவா ஜனங்களைக் கடைசியாகக் கூட்டிப் பேசிய சீகேமுக்குப் போவதாக இருந்தது. சாலை திறந்திருக்காது என்றார்கள், திட்டத்தை மாற்றினோம். யோசுவா 24-ஐப் பேருந்திலேயே வாசித்தோம். யோசுவா அங்கே ஆபிரகாமின் அப்பாவிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும் வரை ஜனங்களிடம் ஒன்றும் கேட்பதில்லை. யாரைச் சேவிப்பீர்கள் என்ற கேள்வி கடைசியில்தான்.

சீயோன் மலையில் மேல்வீட்டறை, இயேசு சீஷர்களோடு கடைசி இராப்போஜனம் பண்ணினதாகக் காட்டும் இடம். இப்போது இருப்பது சிலுவைப்போர் காலத்துக் கட்டடம், கூர்மையான வளைவுகளும் கல் தூண்களும். பிற்பாடு மசூதியாகவும் இருந்ததால் சுவரில் தொழுகைத் திசை காட்டும் மாடம் இருக்கிறது. மேசை எதுவும் கிடையாது, வெறும் தரை. ‘என்னை நினைவுகூரும்படி இதைச் செய்யுங்கள்’ என்ற வார்த்தை பேசப்பட்ட இடத்துக்கு அடையாளமாக ஒரு காலி அறை. எனக்கு அது பிடித்திருந்தது.

பாஸ்டர் திருவிருந்து வசனங்களைத்தான் வாசிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் 1 கொரிந்தியர் 11-இல் அதற்கு முந்தின பகுதியைத் திறந்தார். கொரிந்துச் சபையார் கூடிவந்து அப்பம் பிட்டார்கள். ஒருவன் தின்று குடித்து வெறித்திருக்க, இல்லாதவன் பசியாயிருந்தான். நீங்கள் செய்வது கர்த்தருடைய இராப்போஜனமே இல்லை என்கிறார் பவுல். பக்கத்தில் இருந்தவனின் பசியைப் பார்க்காமல் சிலுவையை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

பின்னால் இன்னொரு குழு காத்திருந்தது. பத்து நிமிடத்தில் வெளியே வந்தோம்.

வெளியே ஒரு மதில் நிழலில் டீச்சரம்மா உட்கார்ந்துவிட்டார். அவர் பையை வைத்துக்கொள்கிறேன் என்ற சாக்கில் நானும் அங்கேயே நின்றேன். ஃபோனை எடுத்தேன். செய்தியாக அனுப்பலாம் என்று இரண்டு முறை தட்டச்சு செய்து இரண்டு முறையும் அழித்தேன். முதலாவது பிரசங்கம் மாதிரி இருந்தது. இரண்டாவதில் என் பெருந்தன்மைதான் தெரிந்தது, சவுலின் ஸ்தம்பம் மாதிரி. கடைசியில் அழைத்துவிட்டேன்.

அவன் உடனே எடுத்தான். எடுத்ததுமே, “அண்ணா, நானே கூப்பிடணும்னு இருந்தேன், அடுத்த மாசம் கொஞ்சமாவது கண்டிப்பா...” என்று தொடங்கினான். மூன்று வருடமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த வேகம். அதை நிறுத்தவே எனக்குச் சிரமமாயிருந்தது.

“தம்பி, அதுக்குக் கூப்பிடலை. அந்தக் கணக்கு முடிஞ்சுது. நீ கொடுக்க வேண்டாம். பேசாம இருந்ததுக்கு நான்தான் மன்னிப்புக் கேட்கணும்.”

மறுமுனையில் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். போகவில்லை, விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. எனக்கும் மேற்கொண்டு என்ன சொல்வதென்று தெரியவில்லை. டீச்சரம்மா எனக்கு முதுகைக் காட்டியபடி, தன் காலைத் தானே பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

அப்புறம் அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டான்: “அங்க வெயில் எப்படிண்ணா?”

“ரொம்ப அதிகம்டா,” என்றேன். “காலெல்லாம் வீங்கிப்போச்சு.”